பாஸ்புக் பிறந்த கதை

செங்கல் சூளையில் நாள் நள்ளிரவில் தொடங்கும். வெயில் ஏறுவதற்குள் கல் அறுத்து முடித்தால்தான் அது பகலில் காயும். இரவு ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ குடும்பம் எழுந்து களத்துக்கு வந்துவிடுகிறது. முந்தின நாள் மாலையே தண்ணீர் விட்டு ஊறப்போட்ட மண்ணைப் பெண் குழைக்கிறாள். உருண்டை உருண்டையாகப் பிடித்து ஆண் பக்கம் தள்ளுகிறாள். அவன் அதை அச்சில் அறைந்து தரையில் கவிழ்க்கிறான். முந்தைய நாளின் கற்களைப் பிள்ளைகள் திருப்பிப் போடுகிறார்கள். விடிந்ததும் மேஸ்திரி நோட்டோடு வருவார். பச்சைக்கல்லை வரிசை வரிசையாக எண்ணி, ஒரு பெயருக்கு நேரே ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த களத்துக்குப் போவார்.

அந்தப் பெயர் ஆணுடையது. மண் குழைத்தவளுக்கு நோட்டில் இடமில்லை.

சோழவரம் என்றால் சென்னைக்காரர்களுக்குக் குடிநீர் ஏரி நினைவுக்கு வரும். வயதானவர்களுக்கு, உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த மோட்டார் பந்தயம் நினைவுக்கு வரும். இந்த வட்டாரம் சென்னைக்குச் செங்கல்லும் கொடுத்திருக்கிறது. செங்குன்றம், சோழவரம், ஜனப்பன்சத்திரம் கூட்ரோட்டிலிருந்து பெரியபாளையம் போகும் சாலை, அதையும் தாண்டி ஊத்துக்கோட்டைப் பக்கம் என்று கொசஸ்தலையாற்றுப் படுகையைச் சுற்றி, ஏரி மண்ணை நம்பி எழுந்த சூளைகள் நிறைய. உள்ளூரில் பெரிய சூளையைச் ‘சேம்பர்’ என்பார்கள். ‘சேம்பர்ல வேலை செய்றவங்க’ என்றால் இப்போது பெரும்பாலும் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். பலாங்கீர், நுவாபடா, களஹாண்டி ஆகிய மேற்கு ஒடிசா மாவட்டங்கள் அவர்களுடைய ஊர். புது அரிசி உண்ணும் நுவாகாய் பண்டிகை முடிந்ததும் ரயிலேறுவார்கள். மழைக்கு முன்னால், மே ஜூனில், திரும்புவார்கள். நம் ஊரில் இவர்களை ‘இந்திக்காரங்க’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இவர்கள் பேசுவது இந்தி அல்ல, ஒடியாவின் மேற்கத்திய வழக்கு. அரசு அலுவலகத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ இவர்கள் போனால் இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து பேச வைக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது என்பது அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

அவர்களைத் தனித்தனி ஆளாக யாரும் வேலைக்கு எடுப்பதில்லை. கணவன், மனைவி, கூட ஒரு பிள்ளையோ தம்பியோ சேர்ந்தது ஓர் அலகு. முன்பணம் அந்த அலகுக்குத்தான் தரப்படுகிறது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கூலியும் அலகுக்குத்தான். வாரத்துக்கு ஒருமுறை சாப்பாட்டுக்குச் செலவுக்காசு தருவார்கள். பாக்கியெல்லாம் சீசன் முடியும்போது கணக்குப் பார்த்துக் கழிப்பார்கள். முன்பணத்தை வாங்கியவன் ஆண், கைநாட்டு வைத்தவனும் ஆண். அவளும் அதே கடனுக்காகத்தான் நள்ளிரவில் எழுகிறாள். ஆனால் அவள் வேலைக்கு வந்தாள் என்பதற்கு எந்தத் தாளிலும் சாட்சி இல்லை.

இப்படி நடக்கக்கூடாது என்று 1979-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன் நடுவே ஒரு சிறிய புத்தகம் இருந்தது. ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் அவருடைய புகைப்படம் ஒட்டிய ஒரு பாஸ்புக் இருக்க வேண்டும் என்றது சட்டம்.

அந்தப் புத்தகத்தின் கதை ஒடிசாவில் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறது: ‘தாதன்’. முன்பணம் என்று பொருள். கொடுப்பதைக் குறிக்கும் பாரசீகச் சொல்தான் இதன் வேர். கிழக்கிந்தியக் கம்பெனி வங்கத்து நெசவாளர்களுக்குக் கொடுத்த முன்பணத்துக்கும் இதே வேரிலிருந்து பிறந்த பெயர்தான் இருந்தது. கொடுப்பதாகத் தொடங்கி ஆளைக் கட்டிப்போடுவதில் முடியும் ஏற்பாடு அது. ஒடிசாவில் முன்பணம் வாங்கி வெளிமாநிலம் போகும் ஆளையே ‘தாதன் தொழிலாளி’ என்று அழைத்தார்கள். ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பவர் ‘சர்தார்’ அல்லது ‘காத்தாதார்’. மாதா மாதம் கணக்கு முடித்துக் கூலி தருவதாகச் சொல்லி, ரயில் கட்டணத்தை மட்டும் கொடுத்து, தூரதேசத்துப் பெரிய கட்டுமானங்களுக்கு அழைத்துப்போவார். போய்ச் சேர்ந்தபின் வேலைக்கு நேரம் கிடையாது, வார விடுமுறை கிடையாது, மாதக் கணக்கும் கிடையாது.

ஒடிசா அரசு இதைக் கட்டுப்படுத்த 1975-ல் தாதன் தொழிலாளர் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் ஆளைச் சேர்ப்பது ஒடிசாவில், வேலை நடப்பது வேறு மாநிலத்தில். ஒரு மாநிலத்தின் சட்டம் அதன் எல்லையோடு நின்றுவிடும். கூலி தராத முதலாளியை பலாங்கீரின் தொழிலாளர் அதிகாரி எப்படித் தொடுவார்? 1976 அக்டோபரில் டில்லியில் நடந்த மாநிலத் தொழிலாளர் அமைச்சர்களின் மாநாட்டில் இது பேசப்பட்டது. ஆராய ஒரு சிறு குழு வேண்டும் என்று மாநாடு பரிந்துரைத்தது. 1977 பிப்ரவரியில் குழு அமைந்தது. இருக்கிற சட்டங்கள் போதாது, மத்தியச் சட்டம் ஒன்று தனியாக வேண்டும் என்று அது சொன்னது. அப்படிப் பிறந்ததுதான் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், 1979. நடைமுறைக்கு வந்தது 1980 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள்.

அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். உலர்ந்த சட்ட மொழிதான். ஆனால் எழுதியவர்கள் ஊரைவிட்டுப் போனவரின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. பாஸ்புக்கில் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இருக்க வேண்டும். வேலை எங்கே, எத்தனை நாள், கூலி எவ்வளவு, எப்படித் தரப்படும், ஊரைவிட்டு வந்ததற்கான படி எவ்வளவு, திரும்பிப்போக ரயில் காசு எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். தொழிலாளியின் மொழி வேறு என்றால் அந்த மொழியிலும் எழுத வேண்டும். எழுதிய புத்தகம் தொழிலாளியிடமே இருக்க வேண்டும்.

அதாவது ஒப்பந்தக்காரரின் பெட்டியில் இருந்த நோட்டைச் சட்டம் தொழிலாளியின் கைக்கு மாற்றப் பார்த்தது. தமிழர்களுக்கு இதன் அருமை புரிய வேண்டும். நம்மவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன காலத்தில் அவர்களைக் கட்டியிருந்ததும் ஒரு தாள்தான். அதன் பெயர் ‘துண்டு’. ஆளின் மேல், அல்லது கங்காணியின் மொத்தக் கூட்டத்தின் மேல், இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டிவிட்டால் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்துக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. சீட்டு கைமாறினால் ஆட்களும் கைமாறுவார்கள். 1921-ல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. கடனைச் சுமந்த அந்தத் துண்டுக்கும் உரிமையைச் சுமக்க வேண்டிய பாஸ்புக்குக்கும் நடுவே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்.

அந்தத் தோட்டங்களிலும் பெண்ணின் கணக்கு தனியாகத்தான் ஓடியது. கொழுந்து பறித்தவள் பெண். 1927-ல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று அரசே வகுத்தது. இலங்கைத் தோட்டங்களில் ஆணும் பெண்ணும் ஒரே நாட்கூலி வாங்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவள் கூலியைக் கணவனோ தகப்பனோ போய் வாங்கிக்கொள்வது நெடுங்காலம் வழக்கமாகவும் இருந்தது. சோழவரத்துச் சூளை நோட்டைப் பார்க்கும்போது எனக்கு இலங்கையின் ஹட்டன் மலைதான் ஞாபகம் வருகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் நம் பெண்களுக்கு எது நடந்ததோ, அதை நம் வீட்டுச் சுவருக்கான கல்லை அறுக்க வந்தவளுக்கு நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

சட்டத்தின் 19-வது பிரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரரோ முதலாளியோ கொடுத்த கடன் வேலைக்காலம் முடிந்தபின் நிலுவையில் இருக்கக்கூடாது. மிச்சம் இருந்தால் அது ஒழிந்ததாகவே கொள்ளப்படும். ஒரு சீசன் முடிந்ததும் ‘இன்னும் பாக்கி இருக்கு, அடுத்த வருஷமும் வா’ என்று சொல்ல முதலாளிக்கு அப்போதே உரிமை இல்லாமல் போய்விட்டது. இது தெரிந்த ஒரு குடும்பமாவது நம் சூளைகளில் இருந்திருக்குமா? இதை ஒடியாவில் எழுதி ஒரு சூளையின் வாசலிலாவது ஒட்டியிருந்தால்!

சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டே ஆண்டில் அதற்கு ஒரு சோதனை வந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டில்லியில் அரங்குகளும் மேம்பாலங்களும் எழுந்தன. கட்டியவர்களில் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒடிசா என்று வெளியிலிருந்து வந்தவர்கள் ஏராளம். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் என்ற அமைப்பு அங்கே போய்ப் பார்த்து, உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என். பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே வழக்காயிற்று. குறைந்தபட்சக் கூலி நாளுக்கு ரூ.9.25. அதில் ஒரு ரூபாயை, ஆள் சேர்த்துக் கொண்டுவந்த ஜமாதார் கமிஷனாக எடுத்துக்கொண்டு 8.25 கொடுத்தார். பெண்களுக்குக் கொடுத்தது 7 ரூபாய். அதே கல், அதே சுமை, அதே வெயில். சம கூலிச் சட்டம் 1976-லேயே வந்திருந்தும் இந்த நிலை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்கினால் அது அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று 1982 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. புலம்பெயர் தொழிலாளர் சட்டத்துக்கான விதிகள் டில்லியில் அந்த ஆண்டு ஜூனில்தான் நடைமுறைக்கு வந்திருந்தன என்பதும் அந்த வழக்கில் தெரிந்தது. அதுவரை சட்டம் தாளில் இருந்தது, வேலை வெயிலில் நடந்தது.

அந்தப் பெண்களின் 2 ரூபாய் 25 காசு திருடப்பட்டது என்று நீதிமன்றத்தால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவர்களுக்கு நாட்கூலி என்று ஒன்று தனியாக இருந்தது. ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சூளையில் அப்படிப் பார்க்க முடியாது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றால் அதில் அவள் பங்கு எது? பாகுபாடு எங்கே என்று சுட்டிக்காட்டக்கூட அங்கே ஓர் எண் கிடையாது. ஏழு ரூபாயைவிட மோசமானது இது.

பாஸ்புக் சோழவரத்துக்கு ஏன் வந்துசேரவில்லை? ஆள் சேர்ப்பவர் உரிமம் வாங்க வேண்டும், சேர்த்த 15 நாளுக்குள் இரு மாநில அதிகாரிகளுக்கும் விவரம் கொடுக்க வேண்டும் என்றது சட்டம். உரிமம் இல்லாமலே சர்தார்கள் ஆள் கொண்டுவந்தார்கள். மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஒரு லாரிச் செங்கல்லை விற்றால் அதைப்போலப் பல மடங்கு வந்துவிடும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வெளிமாநிலத்தவர் இருந்தால் சட்டம் பொருந்தும் என்று இருந்தது. ஆனால் ஒரு குடும்பத்தை ஒரு பெயராக எழுதினால் ஐந்து என்ற அந்தக் கணக்கே தப்பாகிவிடுகிறது. நோட்டில் நான்கு பெயர் இருந்தால் களத்தில் பத்துப் பேர் நிற்பார்கள். அவளை எழுதாமல் விட்டதால் அவள் மட்டும் இழக்கவில்லை. முழுச் சூளையும் சட்டத்தின் கண்ணிலிருந்து நழுவியது. இந்த விஷயத்தை வெறும் கூலிக் கணக்கு என்று ஒதுக்க என்னால் முடியாததற்கு இதுதான் காரணம்.

பெயர் இல்லாதவளுக்கு என்ன நடக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். சூளைக் குடிசை பெரும்பாலும் பச்சைக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கி, மேலே தகரமோ ஓலையோ போட்டது. நிமிர்ந்து நிற்க முடியாது. கதவுக்குப் பதில் சாக்குத்திரை. குளியல் திறந்தவெளியில். கழிப்பறை இல்லாத இடத்தில் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, இருட்டியதும் ஆளில்லாத பக்கம் தேடிப் போக வேண்டும். அந்த இருட்டில் காத்திருப்பவன் மேஸ்திரியாக இருக்கலாம், லாரியோடு வந்தவனாக இருக்கலாம், கூட வேலை செய்பவனாகவும் இருக்கலாம். கணவன் அடித்தாலும் போக அவளுக்கு இடமில்லை. ஊர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கையில் காசு கிடையாது, கூலியெல்லாம் சீசன் முடிவில் அவன் பெயரில் வரும்.

2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒழுங்காக நடக்கும் ஆலைகளின் வாசலில் உள்புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் போன் எண்ணும் எழுதிய பலகை தொங்குவதைப் பார்க்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும், முதலாளியே குற்றவாளி என்றால் எந்த இடத்துக்கும், மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. எழுதத் தெரியாதவருக்குப் புகார் எழுதித்தர உதவ வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. வட்டாரத்துக்கு ஓர் அதிகாரி புகாரை வாங்கி ஏழு நாளில் அந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், காரணம் காட்டினால் இன்னும் மூன்று மாதம். மார்ச்சில் நடந்ததை அவள் யாரிடமாவது சொல்லத் துணியும்போது அவள் பலாங்கீரில் இருப்பாள். ‘நீ அங்கே வேலை பார்த்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?’ என்று யாராவது கேட்டால் அவள் எதைக் காட்டுவாள்? மேஸ்திரியின் நோட்டில் அவள் பெயர் இல்லை. பாஸ்புக் அவளுக்குக் கொடுக்கப்படவே இல்லை.

பாஸ்புக் செய்திருக்க வேண்டிய வேலையை ஒருமுறை ஒரு கைபேசி செய்தது. 2020 மே. ஊரடங்கில் எல்லாச் சாலைகளிலும் தொழிலாளர்கள் ஊருக்கு நடந்துகொண்டிருந்த நேரம். திருவள்ளூர் மாவட்டச் சூளை ஒன்றில் ஒடியாக் குடும்பங்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். அறுக்க வேண்டிய கல் பாக்கி இருக்கிறது என்று அவர்களை விடவில்லை. அடியாட்கள் வந்து இரவில் அடித்தார்கள். ஆண் பெண் என்று பார்க்கவில்லை. தகப்பனோடும் தங்கையோடும் வேலைக்கு வந்திருந்த, இருபது வயதுகூட ஆகாத பழங்குடிப் பெண் ஒருத்தி, நடந்ததை வாட்ஸ்அப்பில் தனக்குத் தெரிந்த எண்களுக்கெல்லாம் அனுப்பினாள். அம்மாவின் வைத்தியத்துக்கு வாங்கிய கடனை அடைக்க வந்தவள் அவள். செய்தி ஒடிசாவுக்குப் போய் அங்கிருந்து திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தது. போலீஸ் வந்தது, அடிபட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அதோடு நிற்காமல், மாவட்டத்தின் மற்றச் சூளைகளிலிருந்தும் தொழிலாளர்களை ஊருக்கு அனுப்ப மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. அப்படி ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

எந்தச் சூளை நோட்டிலும் பெயர் ஏறாத ஒரு பெண் செய்த காரியம் இது. அவளுக்கு எழுத வேறு புத்தகம் இல்லை, அதனால் தன் குரலை அனுப்பினாள்.

மீட்பு இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2011-ல் இதே மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஒரே நேரத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்கள் விடுவிக்கப்பட்டது அதற்கும் முந்தைய கதை. இந்த மீட்புகளில் ஒரு தாள் உண்டு: விடுதலைச் சான்றிதழ். சோழவரம் பொன்னேரி வட்டத்தில் இருப்பதால் இங்கே அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் பொன்னேரி சார் ஆட்சியர். 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி இவர் இனி கடனுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்று அந்தத் தாள் சொல்லும். அது குடும்பத்துக்கு ஒன்று என்று வருவதில்லை, ஆளுக்கு ஒன்று. கணவனுக்குத் தனி, மனைவிக்குத் தனி. 2016-ல் மத்திய அரசு மறுவாழ்வுத் தொகையைத் திருத்தியபோது ஆணுக்கு ஒரு லட்சம் ரூபாய், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலைகளில் மூன்று லட்சம் என்று வகுத்தார்கள். சூளை நோட்டு அவளைப் பூஜ்யமாக எழுதியது, விடுதலைச் சான்றிதழின் கணக்கில் அவள் ஆணைவிட இரு மடங்கு. இந்தக் கணக்கை எழுதியவர்களை நான் வணங்குகிறேன். முழுத்தொகையும் கைக்கு வர வழக்கில் தண்டனை கிடைக்க வேண்டும் என்ற கட்டு இருப்பதால் பெரும்பாலானவர்களுக்கு உடனடி உதவித்தொகையோடு காத்திருப்புதான் மிச்சம். அந்தக் கட்டை அவிழ்த்தாக வேண்டும்.

அடிமையாக்கப்பட்டு மீட்கப்பட்டால்தான் ஒரு பெண்ணின் பெயர் எழுதப்படும் என்றால், அதற்கு முந்தைய மாதங்களில் எங்கே எழுதுவது?

2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் தளம் வந்தது. ஊரடங்கின்போது எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று அரசிடம் கணக்கே இல்லாமல் போனதுதான் அதன் பிறப்புக்குக் காரணம். ஆளுக்கு ஒரு பன்னிரண்டு இலக்க எண். பெண்ணும் தன் பெயரில் பதியலாம். ஆனால் அந்த அட்டையில் இன்று எந்தச் சூளையில் வேலை, ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, எவ்வளவு பிடித்தார்கள் என்பது இருக்காது. பாஸ்புக்கின் உயிரே அந்த வரிகளில்தான் இருந்தது.

பிறகு பாஸ்புக்கே போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன, 1979 சட்டம் அவற்றில் கரைந்தது. வந்தவற்றில் நல்லதும் உண்டு. ஒப்பந்தக்காரர் மூலம் வராமல் தானாக வந்தவரும் இப்போது புலம்பெயர் தொழிலாளர்தான். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். பழைய கடன் ஒழிந்ததாகக் கொள்ளும் பிரிவும் தப்பிப் பிழைத்திருக்கிறது. இழந்தவை: ஊர்விட்டு வந்ததற்கான படி, தொழிலாளியின் மொழியில் எழுதிய புத்தகம். ஐந்து பேர் என்றிருந்த வரம்பும் பத்தாயிற்று. பெண்ணை எண்ணாத நோட்டுக்கு இது இன்னும் வசதி.

சூளைக்கென்று யாரும் புதிதாகச் சட்டம் எழுத வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு அலகுக்கும் இரண்டு வரி, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. வாரச் செலவுக்காசில் பாதி அவள் கையில். நியமனக் கடிதம் ஒடியாவில், அவள் பெயரில். தொழிலாளர் துறை ஆய்வாளர் சூளைக்கு வந்தால் நோட்டை மட்டும் பார்க்காமல் களத்தில் நிற்பவர்களை எண்ணட்டும். அக்டோபரில் குடும்பங்கள் வந்து இறங்கும்போதே, ஒடியா தெரிந்த ஒரு பெண், உள்ளூர்ப் புகார்க் குழுவின் எண்ணையும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் பெண்களிடம் தனியாகச் சொல்லட்டும். இந்த மாவட்டம் இதைச் செய்யக்கூடியதுதான். சூளைப் பிள்ளைகளுக்காக ஒடியாப் பாடநூலையும் ஒடியா பேசும் ஆசிரியரையும் வரவழைத்து, களத்தின் ஓரத்திலேயே பள்ளி நடத்திய மாவட்டம் இது. பிள்ளையின் பெயரை வருகைப் பதிவேட்டில் ஒடியா உச்சரிப்போடு எழுதக் கற்றுக்கொண்டவர்களுக்கு அம்மாவின் பெயரை எழுதுவது கடினமல்ல.

இப்போதைக்கு அவள் பெயர் ஏறும் புத்தகம் ஒன்று உண்டு. கருவுற்ற பெண்களைத் தேடி ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கிராம சுகாதார செவிலியர் சேம்பருக்கு வருவார். தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க, தாயைப் பதிந்து வாங்கும் பிக்மி எண் வேண்டும். வெளிமாநிலத்தவர் என்று விலக்கு இல்லை. தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாக, காய்ந்துகொண்டிருக்கும் கற்களுக்கு நடுவே பார்த்துக் கால் வைத்து, செவிலியர் குடிசை குடிசையாகப் போகிறார். கையில் மண்ணோடு அவள் எழுந்து வருகிறாள். மேஸ்திரியிடம் கேட்காமல், கணவனிடம் கேட்காமல், அவளிடமே கேட்கிறார். அவள் சொல்கிறாள். செவிலியருக்கு முதல்முறை பிடிபடவில்லை. இன்னொருமுறை சொல்லச் சொல்கிறார். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, தமிழில் எழுதி, சரியா என்று வாசித்துக் காட்டுகிறார். அவள் தலையசைக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் கணவன் பெயரைக் கேட்கிறார்.